பத்து மணி பத்து நிமிட வெயில்

செம்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்கு ஏழடி இடம் இருக்கிறது. அதில் ஒரு தோட்டத்துக்குப் பிளான் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இருபத்தெட்டு வருடம் டிராயிங் ஆபீசில் உட்கார்ந்து, கெமிக்கல் ஃபாக்டரிகளில் எந்தக் குழாய் எங்கே போக வேண்டும், எங்கே வளைய வேண்டும் என்று வரைந்தவன் நான். நான் வரைந்த குழாய்களை வரிசையாக வைத்தால் முலுண்ட் வரைக்கும் போய்த் திரும்பி வரும். அப்படிப்பட்டவனுக்கு எழுபது சதுர அடி ஒரு விஷயமா?

விஷயம்தான். பொறுமையாகக் கேளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன் முலுண்டில் ஐந்தாவது மாடியில் இருந்தோம். காற்று பிய்த்துக்கொண்டு போகும். அதை விற்றுவிட்டு செம்பூரில் தரைத்தளத்துக்கு வரலாம் என்று சொன்னது நான்தான்.

"இம்புட்டு காத்தை விட்டுட்டு எதுக்குங்க கீழ போய் உக்காரணும்?" என்றாள் என் மனைவி வசந்தா. பிறந்து வளர்ந்தது தாராவி என்றாலும் பேச்சு இன்னும் அவள் அப்பாவின் திருநெல்வேலிதான்.

"பின்னாடி ஒரு துண்டு இடம் இருக்கு. தோட்டம் போடலாம். உனக்கு ஒரு மல்லிச்செடி. தினம் உன் கையால பறிச்சு வெச்சுக்கலாம்."

கல்யாணமாகி இருபத்துநான்கு வருடமாக ஸ்டேஷன் வாசலில் முழம் போட்டு வாங்கியே பூ வைத்தவள். சொந்தச் செடி என்ற ஒரு வார்த்தைக்காக ஐந்தாவது மாடிக் காற்றை விட்டுக்கொடுத்தாள்.

மூன்று வருடத்தில் அந்த இடத்தில் முளைத்தவை: உடைந்த வாளி இரண்டு, பழைய டிவி ஸ்டாண்ட், மேல் மாடியிலிருந்து யாரோ தவறவிட்ட ஒற்றைச் செருப்பு, அந்தச் செருப்பின்மேல் தூங்கும் ஒரு பூனை.

நான் சும்மா இருக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்த மே மாதம் வசந்தாவின் பொறுமை முடிந்தது. வாஷிங் மெஷின் எங்கள் பாத்ரூமில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஒருநாள் குளித்துவிட்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"இன்னைக்கும் இடிச்சிட்டேன். இதோட பாருங்க, பதினஞ்சு நாள் தாறேன். அதுக்குள்ள பின்னாடி செடி வந்தா தோட்டம். வரலைன்னா டைல்ஸ்காரர் வருவாரு. டைல்ஸ் போட்டு மெஷினத் தூக்கி அங்க வச்சிருவேன்."

"வசந்தா, ஒரு தோட்டங்கிறது…"

"பதினஞ்சு நாள்."

அன்றே ஆரம்பித்தேன். பழைய ஸ்கேல், செட் ஸ்கொயர், பென்சில் எல்லாவற்றையும் எடுத்தேன். மூன்று நாள் வரைந்தேன். வடக்கு எது என்று அம்புக்குறி போட்டேன். மூலையில் கட்டம் கட்டி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டேன். வரைந்தவர், சரிபார்த்தவர், அனுமதித்தவர் மூன்று இடத்திலும் என் கையெழுத்துதான்.

வசந்தாவிடம் விரித்துக் காட்டினேன்.

"இது என்னது, வளைஞ்சு வளைஞ்சு?"

"கல் பாவின நடைபாதை."

"பத்தடியில எங்க நடந்து போகப் போறீங்க?"

"மெதுவா நடக்கலாம்."

"இது?"

"பெஞ்ச். உட்கார்ந்து யோசிக்கிறதுக்கு."

"யோசிக்கதுக்குத் தனியா ஒரு இடமா! அப்ப இருபத்தேழு வருஷமா எங்க வச்சு யோசிச்சீங்க?"

பென்சிலைச் சீவ ஆரம்பித்தேன். அவள் காகிதத்தை இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்தாள்.

"மல்லி எங்க?"

நானும் தேடினேன். காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்திலும் இல்லை.

இரண்டாவது பிளானில் மல்லி வந்தது. அதை எடுத்துக்கொண்டு மாட்டுங்காவில் ஒரு நர்சரிக்குப் போனேன். நர்சரிக்காரர் பிளானை மரியாதையாகப் பார்த்தார். பிறகு இந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தூப் கித்னா ஆதா ஹை, சாஹப்?"

வெயில் எவ்வளவு நேரம் வரும்? மல்லிக்கு நாலு மணி நேரமாவது வேண்டுமாம்.

"ஆதா ஹை," என்றேன். வரும்.

"கித்னா?"

பிளானைப் பார்த்தேன். அதில் வடக்கு இருந்தது, அளவு இருந்தது, மூன்று கையெழுத்து இருந்தது. வெயில் இல்லை.

"பார்த்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, விலை விசாரிக்க வந்தவன் போல இரண்டு துளசியைத் தடவிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நோட்டுப் புத்தகம், சாக்பீஸ், பிளாஸ்டிக் ஸ்டூல் சகிதம் பின்னால் போய் உட்கார்ந்தேன். பூனை இடம் கொடுத்தது.

எங்களுடையது பி-விங். காலையில் எங்கள் கட்டடமே வெயிலை மறைக்கிறது. மதியம் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சிமென்ட் சஜ்ஜா மறைக்கிறது. சாயங்காலம் எதிரே இருக்கும் சி-விங் மறைக்கிறது. பம்பாயில் மே மாதத்தில் வெயில் படாத ஒரே இடத்தை வீடு விற்று வாங்கியிருக்கிறேன் என்பது ஒன்பதரை மணிவாக்கில் புரிந்தது.

பத்து பத்துக்கு அதிசயம் நடந்தது.

சுவரை ஒட்டி, பளீரென்று ஒரு துண்டு வெயில்! ஒரு தலையணை அளவு. கையை நீட்டினேன். சுட்டது!

"வசந்தா! வசந்தா! வெயில்!"

அவள் சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"மே மாசத்துல வெயிலக் கண்டுபிடிச்சிட்டாரு," என்று அடுப்பிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

பதினொன்றரைக்கு வெயில் மறைந்தது. சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டேன். நாலு மணி நேரம் இல்லைதான். ஆனால் ஒன்றுமே இல்லாததற்கு ஒரு மணி இருபது நிமிடம் பெரிதல்லவா? அன்று சாயங்காலம் மூன்றாவது பிளான். பெஞ்சை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மல்லி. மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. தியாகம் செய்தேன்.

இரண்டாவது நாளும் சரியாக வந்தது. மூன்றாவது நாள் வரவில்லை.

வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஆனால் வெயில் வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தேன். என் வாழ்க்கையில் எதுவுமே மூன்றாவது நாள் தாண்டியதில்லை என்று தோன்றியது. யோகா, டைரி, வெந்தயத் தண்ணீர், மிருதங்க வகுப்பு. இப்போது சூரியனும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டதா?

நான்காவது நாள் மறுபடி வந்தது. நான் அதையே முறைத்துக்கொண்டிருந்தபோது எங்கள் வாட்ச்மேன் யாதவ் டீயோடு வந்தார்.

"க்யா தேக் ரஹே ஹோ, சாப்?"

"சூரியன் எங்கேருந்து வருதுன்னு பார்க்கிறேன்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்.

யாதவ் என் முகத்தைப் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டிருந்த திசையைப் பார்த்தார். மிகவும் மெதுவாக, நோயாளியிடம் பேசுவது போல் சொன்னார்.

"சாப், சூரஜ் தோ ஆப்கே பீச்சே ஹை."

சூரியன் எனக்குப் பின்னால் இருந்தது!

காலை பத்தரை மணிக்கு மேற்கே பார்த்து உட்கார்ந்துகொண்டு நான்கு நாளாகச் சூரியனை ஆராய்ச்சி செய்திருக்கிறேன். பிளானில் வடக்கு அம்புக்குறி வேறு!

யாதவ் டீ கிளாஸாலேயே மேலே காட்டினார். எதிரே சி-விங், மூன்றாவது மாடி. வெளிப்பக்கமாகத் திறந்திருந்த ஒரு பழைய ஜன்னல் கதவின் கண்ணாடி பளபளத்தது. சூரியன் அதில் பட்டு, அங்கிருந்து என் தோட்டத்தில் விழுகிறது. கதவை மூடினால் அது அங்கிருக்கும் சஜ்ஜா நிழலுக்குள் போய்விடும். வெயிலும் போய்விடும்.

என் மல்லிக்கு வரவிருந்தது சூரிய ஒளி இல்லை. பிரேமா மிஸ்ஸின் ஜன்னல் ஒளி.

பிரேமா மிஸ் மாட்டுங்காவில் ஒரு பள்ளியில் முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார். கேட் அருகே அவர் எதிர்ப்பட்டால், ஐம்பத்தாறு வயதில் எனக்கு ஹோம்வொர்க் செய்யாத ஞாபகம் வரும்.

சாதாரண மனிதன் என்ன செய்திருப்பான்? மாடியேறிப் போய், "மிஸ், காலையில அந்த ஜன்னலை மட்டும் கொஞ்ச நேரம் திறந்து வைங்க" என்று கேட்டிருப்பான். இரண்டு நிமிட வேலை.

நான் யோசித்தேன். தனியாக இருக்கும் ஒரு பெண்மணியிடம் போய், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? தப்பாக நினைத்துவிட்டால்? கட்டடத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினால்?

ஆகவே நாகரிகமான வழியைத் தேர்ந்தெடுத்தேன். தினமும் கீழே நின்று அந்த ஜன்னலையே பார்த்துக் குறிப்பெடுப்பது!

நோட்டில் கோடு போட்டேன். திறந்த நேரம். மூடிய நேரம். கோணம். குறிப்பு. பழக்கம் பிடிபட்டுவிட்டால் கேட்காமலே காரியம் முடிந்துவிடும் அல்லவா? தினமும் பத்து மணிக்குப் போய் அண்ணாந்து நிற்பேன். கழுத்து வலித்தால் தேய்த்துவிட்டுக்கொண்டு மறுபடி பார்ப்பேன்.

ஆறாவது நாள் சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. யாரோ மேலிருந்து எடுத்தது. நான். கையில் நோட்டு. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. பார்வை சி-விங் மூன்றாவது மாடி.

கீழே எழுதியிருந்தது: "பி-விங் அங்கிள் தினமும் பத்து மணிக்கு என்ன பார்க்கிறார்?"

அதற்கு ஒருவர் பதில் போட்டிருந்தார்: "அப்ப சிசிடிவி தேவையில்லை."

வசந்தா போனை என் முன்னால் வைத்தாள்.

"யாரு ஜன்னலங்க பாக்குதீங்க?"

"ஜன்னலைப் பார்க்கல. கண்ணாடியத்தான் பார்க்கிறேன்."

"கண்ணாடி எங்க இருக்கு?"

"ஜன்னல்ல."

அவள் போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். அப்போதுதான் நான் சொன்னது என் காதிலேயே சரியாக விழுந்தது.

அன்று சாயங்காலமே கேட் பக்கத்தில் இருக்கும் சொசைட்டி ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். செக்ரட்டரி நாராயணன் பாலக்காட்டுக்காரர், பாங்கில் இருந்தவர். மேஜைக்குப் பக்கத்தில் பிரேமா மிஸ் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வசந்தாவும் என்னோடு வந்தாள்.

"முருகேசன், தப்பா எடுத்துக்காதேள். ஒரு கம்ப்ளெயின்ட் வந்திருக்கு. நேக்குச் சொல்லவே நாணமா இருக்கு, கேட்டேளா? அந்த நோட்டைக் கொஞ்சம் காட்டுங்கோ."

கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாக வாசித்தார்.

"சி-விங், மூணாம் மாடி. திங்கள், பத்து பத்துக்குத் திறப்பு. பதினொண்ணரைக்கு மூடல். செவ்வாய், பத்து பன்னெண்டு… ஈஸ்வரா! எல்லாத்துக்கும் டைம் போட்டாக்கும் வெச்சிருக்கார்!"

நான் வாயைத் திறந்தேன். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு மீட்டிங்கிலும் எனக்கு நேரத்துக்கு வார்த்தை வந்ததில்லை. அன்றும் வரவில்லை.

வசந்தாதான் பேசினாள்.

"சார், இவரத் தப்பா நினைக்காதீங்க. அதுக்கெல்லாம் ஒரு தைரியம் வேணும். பால் தண்ணியா இருக்குன்னு பால்காரர்ட்ட சொல்லதுக்கே மூணு மாசம் யோசிச்சவரு."

"ஆமாம் சார்," என்றேன்.

என் மானம் காப்பாற்றப்பட்ட விதத்தைப் பார்த்தீர்களா!

பிறகு வசந்தாவே மல்லிச்செடியிலிருந்து ஆரம்பித்து நான்கு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். நான் மூன்று பிளானில் சொல்ல முடியாததை. நாராயணன் சிரிக்கக் கூடாது என்று மீசையைப் பிடித்துக்கொண்டார். பிரேமா மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. கையை நீட்டினார். நோட்டு அவரிடம் போனது. ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார்.

"கோணம் முப்பத்தஞ்சு டிகிரின்னு போட்டிருக்கீங்க. எதை வெச்சு அளந்தீங்க?"

"கண்ணளவு, மிஸ்."

"கண்ணளவா?"

மூன்று பேரைக் குத்திவிட்டு வந்தவனிடம் கேட்பது போல் கேட்டார்.

"புதன்கிழமை காலியா இருக்கே, ஏன்?"

"அன்னிக்கு நீங்க திறக்கல, மிஸ்."

"கரெக்ட். சயான்ல டாக்டரப் பார்க்கப் போயிருந்தேன்." விரல் கீழே இறங்கியது. நின்றது. "வெள்ளிக்கிழமை பதினொண்ணு நாப்பதுக்கு மூடினேன்னு எழுதியிருக்கீங்க. தினமும் பதினொண்ணரை ஆனா அந்தப் பக்கம் இடிக்கிற பில்டிங் தூசி வரும், டாண்ணு மூடிடுவேன். அந்தப் பத்து நிமிஷம் எங்கேருந்து வந்தது?"

உண்மையைச் சொன்னேன். காபி குடிக்க உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது மூடியிருந்தது. குத்துமதிப்பாக எழுதினேன்.

"பார்க்காம எழுதினீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டேன். தன் ஜன்னலை ஒருவன் தினமும் பார்த்தான் என்பதில் அவருக்கு அவ்வளவு கோபம் இல்லை. சரியாகப் பார்க்கவில்லை என்பதில்தான் கோபம்.

இனி இழக்க என்ன இருக்கிறது என்று கேட்டே விட்டேன்.

"மிஸ், தினமும் பத்து பத்துலேருந்து பதினொண்ணரை வரைக்கும், அந்தக் கதவை அதே முப்பத்தஞ்சு டிகிரியில…"

"வர்ற வியாழக்கிழமை அந்தக் கதவே இருக்காது. ஸ்லைடிங் போடறேன்."

"ஸ்லைடிங்கா! அது திறக்காதே மிஸ்!"

"பக்கவாட்டுல திறக்கும்."

"வெளியில வராதே!" கத்தியே விட்டேன். நாராயணன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

"மழை வந்தா சாரல் என் கட்டில் வரைக்கும் அடிக்குது, முருகேசன். உங்க செடிக்காக நான் நனையணுமா?"

இதற்கும் வசந்தாதான் பதில் சொன்னாள்.

"வேண்டாம் மிஸ், நீங்க போடுங்க. எங்களுக்கும் நாளைக்கு டைல்ஸ்காரர் வாறாரு."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பால் வாங்கிட்டு வாங்க என்பது போல் சாதாரணமாகச் சொன்னாள். வீட்டுக்குத் திரும்பும்போது ஒன்றே ஒன்றுதான் பேசினாள்.

"அஞ்சாவது மாடில இந்நேரம் நல்ல காத்து வரும்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, டைல்ஸ் போட்டார்கள். பூனை ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு வேறு வீடு பார்த்துக்கொண்டு போனது. அடுத்த நான்கு நாளும் டைல்ஸ் காயட்டும் என்று விட்டோம். அதற்குள் மெஷினுக்குத் தண்ணீர் வரும் குழாய்க்கும் போகும் குழாய்க்கும் ஒரு பிளான் வரைந்தேன். பிளம்பர் பார்த்து அசந்துபோனார். ஒரு திருத்தம் இல்லை. முதல் முறையிலேயே ஒரு சொட்டு ஒழுகவில்லை. தண்ணீர் கீழ்நோக்கித்தான் போகும். அதற்காக யாருடைய ஜன்னலையும் பார்த்து நிற்க வேண்டியதில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் மெஷின் சுவரோரமாக, நான் சாக்பீஸ் போட்ட அதே இடத்தில் போய் உட்கார்ந்தது. என் பெஞ்ச் வரவிருந்த இடம். பிறகு மல்லி வரவிருந்த இடம்.

மறுநாள் காலை ஒன்பதரை. பல் தேய்த்துக்கொண்டே பின்கதவைத் திறந்தேன். கண் கூசியது.

மெஷின் தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது!

நுரையோடு அண்ணாந்தேன். மும்பையில் யாராவது ஜன்னலை மட்டும் மாற்றுவார்களா? அதைச் சஜ்ஜாவின் விளிம்பு வரைக்கும் வெளியே தள்ளி, அறையை ஒன்றரை அடி பெரிதாக்கிக்கொள்வார்கள். பிரேமா மிஸ்ஸும் அதைத்தான் செய்திருந்தார். நிழலுக்கு வெளியே, ஆறடி அகலத்தில், முகம் பார்க்கிற மாதிரி நீலக் கண்ணாடி. திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். தலையணை அளவு வெயில் இப்போது கட்டில் அளவுக்கு விழுந்தது.

வாயைக் கூடக் கொப்பளிக்காமல் நோட்டை எடுக்க ஓடினேன்.

"வசந்தா! இன்னும் ஒரு வாரம் டைம் குடு! நேரத்தை மட்டும் குறிச்சுக்கிட்டு, மெஷினை எங்கே நகர்த்தலாம்னு…"

பதில் இல்லை. வாசலில் அவள் செருப்பும் இல்லை.

பதினொரு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். மடியில் தொட்டியோடு ஒரு மல்லிச்செடி. நேராகப் பின்னால் போனாள். மெஷின் மூடியைத் துடைத்தாள். தொட்டியை அதன்மேல் வைத்தாள்.

"இங்கேதான் வைக்கணும்னு எப்படி முடிவு பண்ண?"

"வெயிலு இங்கதான அடிக்கி?" என்றாள்.

மொத்தப் பிளானிங்கும் அவ்வளவுதான்.

இப்போது செடியில் ஏழு மொட்டு. தினமும் காலையில் எண்ணிவிட்டுத்தான் வசந்தா டீ போடுகிறாள். ஒரே ஒரு சிக்கல். மெஷின் துணி பிழிய ஆரம்பித்தால் தொட்டி மெதுவாக நடந்து விளிம்புக்கு வந்துவிடுகிறது. கீழே வைத்தால் மெஷின் நிழல் விழுகிறதாம். ஆகவே அந்த ஏழு நிமிடமும் தொட்டியை வெயிலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது என் பொறுப்பு.

"முருகேசன், சாயுது பாருங்க! நேராப் பிடிங்க!" என்று மூன்றாவது மாடியிலிருந்து குரல் வரும். அவர் இப்போது தினமும் என்னைப் பார்க்கிறார். யாரும் கம்ப்ளெயின்ட் கொடுப்பதில்லை.

முதல் பிளானில் இருந்த அந்த பெஞ்சை மட்டும் எடுக்காமல் விட்டிருந்தால், உட்கார்ந்தாவது பிடித்திருக்கலாம்.